ஆழத்திற்கு இறங்கும் தூண்டில்



திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவைத் தென்னாட்டில் அறியாதவர் சிலரே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் வகுத்த அங்காடி அது. அரிசி, பருப்பு, பாத்திரம், கயிறு, இரும்புச் சாமான் ஆகிய அனைத்தும் அங்கே விலைக்குக் கிடைக்கும். நெடுங்காலமாகத் தமிழ் வணிகர் வாழ்ந்துவரும் தெருவாகையால், மலையாளமும் தமிழும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. பூந்துறைக் கடற்கரை அங்கிருந்து நெடுந்தூரம் அன்று. "அண்ணாச்சி, ரெண்டு கிலோ ஈயம் வேணும், கூட நல்ல கயிறும் எடுங்க" என்று கடலோடி ஒருவர் கேட்டால், அத்தெருவில் யாரும் வியப்படையமாட்டார்கள். அந்த ஈயம் கடலுக்குள் சென்று என்ன வேலை செய்கிறது என்பதையே இன்று நாம் விளக்க எண்ணுகிறோம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ட்ரோலிங்' என்று ஒரு சொல் உண்டு. 'ட்ராலிங்' என்று மற்றொரு சொல்லும் உண்டு. ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் செல்வது முன்னது. பெரிய பைவலையைக் கடலடியிலோ நடுநீரிலோ இழுத்துச் செல்வது பின்னது. முன்னதில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன் என்பது கணக்கு. பின்னதில், வாயில் அகப்பட்டவை எல்லாம், குஞ்சும் முட்டையிடும் தாயும் உட்பட, பைக்குள் சேரும். கேரளத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இழுவை மடிக்கு விதிக்கப்படும் தடையை மலையாள நாளேடுகள் 'ட்ரோளிங் நிரோதனம்' என்றே எழுதிவருகின்றன. தடை வலைக்கு; பெயரோ தூண்டிலுக்கு! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது வெறும் எழுத்துப் பிழையாகத் தோன்றவில்லை. தூண்டிற்காரர் ஒருவர் அறிவிப்பைப் படித்துவிட்டு, 'நமக்கும் தடையோ?' என்று கரையில் அமர்ந்துவிட்டால், அன்றைய அடுப்பு எரியாது. ஆகையால் இவ்வுரையில் வலையை 'இழுவை மடி' என்றும், படகோடு ஓடும் தூண்டிலை 'ஓடுதூண்டில்' என்றும் வேறுபடுத்திச் சொல்வோம்.

ஓடுதூண்டில் நம் கடல்களுக்குப் புதியதன்று. இலட்சத்தீவுகளில் சூரை மீனுக்காகப் படகின் பின்னே பொய் இரை கட்டிய கயிறுகளை இழுத்துச் செல்வது வழக்கம். சூரை நீர்மட்டத்திற்கு அருகே கூட்டமாக வந்து மேயும் வேளையில் அது போதுமானது. ஆனால், எல்லா மீனும் எப்பொழுதும் மேலேயே இருப்பதில்லை. வெயில் ஏறினால் சில மீன்கள் கீழே இறங்குகின்றன. சிறுமீன் கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறதோ, அதைத் தின்னும் பெருமீன் அந்த ஆழத்தைச் சுற்றியே திரிகிறது. 'மீன் எங்கே?' என்னும் வினாவுக்குத் திசை மட்டும் விடையாகாது, ஆழமும் சொல்லியாகவேண்டும்.

நம் மேற்குக் கரையில் இந்த வினா இன்னும் சிக்கலானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில், ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் கரையோரத்தை நோக்கி மேலெழுகிறது. அந்நீரில் உப்புச்சத்துகள் மிகுதி. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, மத்திக்கும் அயிலைக்கும் உணவாகின்றன. ஆனால், அதே நீரில் உயிர்க்காற்று குறைவு. ஆகவே கடலடியில் வாழும் மீன்கள் பல மேலே ஏறவோ, கரையை நோக்கி ஒதுங்கவோ நேர்கிறது. சென்ற மாதம் 40 மீட்டரில் அகப்பட்ட மீன் இம்மாதம் 20 மீட்டரில் நிற்கலாம். இந்நிலையில், தூண்டிலை வேண்டிய ஆழத்தில் நிறுத்தத் தெரிந்தவனுக்கே மீன் வசப்படும்.

'ஈயக் குண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் இறங்கிவிடுமே' என்று நேயர்கள் கேட்கலாம். படகு நிற்கும்போது அது சரியே. பூந்துறை, விழிஞ்ஞம் பகுதிக் கடலோடிகள் பாறைகளின் மேலே படகை நிறுத்தி, கைக்கயிற்றில் ஈயம் கட்டி இறக்கி, கலவா முதலிய மீன்களைப் பிடிக்கும் முறை பழமையானது. ஆனால், படகு ஓடத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. நீர் கயிற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தள்ளும் விசை வேகத்தோடு ஒத்து வளராமல், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். எனவே நின்ற படகில் 30 மீட்டர் இறங்கிய குண்டு, ஓடும் படகில் மேலெழுந்து பின்னால் மிதப்பதுபோல் வரும். அதைத் தாழ்த்த மேலும் எடை கட்டினால் வேறொரு தொல்லை: மீன் கடித்த பின் மீனவன் மீனோடு மட்டுமன்றிக் குண்டோடும் மல்லாட நேர்கிறது. மீன் தலையை உதறும்போது, தொங்கும் எடையே முள்ளைப் பிடுங்கிவிடவும் கூடும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் 'டவுன்ரிக்கர்' என்று பெயர். 'ஆழமிறக்கி' என்று நாம் தமிழில் சொல்லலாம். அதன் சூத்திரம் எளிது. எடையைத் தூண்டிற்கயிற்றில் கட்டாதே. தனிக் கம்பியில் கட்டு. தூண்டிற்கயிற்றை அந்த எடையோடு ஒரு கவ்வியால் இலேசாகப் பிணை. மீன் கடித்ததும் கவ்வி விட்டுக்கொடுக்கட்டும். அவ்வளவே!

உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். படகின் பின்பக்க விளிம்பில் ஓர் உருளை; அதில் மெல்லிய எஃகுக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். உருளையிலிருந்து நீரின்மேல் நீளும் ஒரு கை. அதன் நுனியில் கப்பி. கப்பியின் வழியே கம்பி இறங்கும். கம்பியின் முனையில் நான்கு அல்லது ஐந்து கிலோ எடையுள்ள குண்டு. அது சுழலாமல் நேரே செல்ல, பின்புறம் மீன்வால் போன்ற ஒரு தகடு. எத்தனை மீட்டர் கம்பி இறங்கிற்று என்று காட்டும் எண்ணி ஒன்று உருளையில் இருக்கும். கம்பி தறிகெட்டு ஓடாமல் பிடிக்கும் தடையும் உண்டு. குண்டிற்குச் சற்று மேலே கவ்வி.

வேலை செய்யும் முறை இது. படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பொய் இரையைப் பின்னால் விடவேண்டும். ஐந்து முதல் பத்து மீட்டர் வரை கயிறு சென்றதும் கவ்வியில் மாட்டி, தடையைத் தளர்த்திக் குண்டை இறக்கவேண்டும். எண்ணி வேண்டிய ஆழத்தைக் காட்டியதும் நிறுத்தி, தூண்டிற்கோலைத் தாங்கியில் நட்டு, கோல் வில்லாக வளையும்வரை கயிற்றைச் சுற்றி இறுக்கவேண்டும். இனி வேகம் இரண்டு மூன்று கடல்மைலாக இருக்கலாம். மீன் கடித்து இழுத்தால் கயிறு கவ்வியிலிருந்து விடுபடும்; வளைந்திருந்த கோல் சட்டென்று நிமிரும். அந்த நிமிர்வே அறிவிப்பு. அதன்பின் கயிற்றின் ஒரு முனையில் மனிதன், மறுமுனையில் மீன். இடையில் ஈயம் இல்லை.

ஆழக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ணி காட்டுவது கம்பியின் நீளத்தை, ஆழத்தை அன்று. ஓடும் படகில் கம்பி செங்குத்தாகத் தொங்காமல் சாய்ந்தே நிற்கும். 30 மீட்டர் கம்பி 30 பாகை சாய்ந்தால் குண்டு ஏறத்தாழ 26 மீட்டர் ஆழத்தில் இருக்கும். 45 பாகை சாய்ந்தால் 21 மீட்டர்தான். சாய்வு மிகுந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும், அல்லது எடையைக் கூட்டவேண்டும். படகு வளைந்து திரும்பும்போது உள்வளைவிலுள்ள கம்பி தாழும், வெளிவளைவிலுள்ளது எழும். அடியில் பாறை இருக்கும் இடத்தில் இதை மறப்பது நன்றன்று.

இக்கருவி பரவிய கதை வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சார்ந்தது. அங்கே பெருமீன்கள் அழிந்துபோய், ஏல்வைஃப் என்னும் சிறுமீன் அளவின்றிப் பெருகிக் கரையில் செத்து ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதைத் தின்று கட்டுப்படுத்தவும், மீன்பிடிப்பை உயிர்ப்பிக்கவும், மிச்சிகன் மாநிலத்து மீன்வளத் தலைவர் ஹோவர்ட் டேனர் 1966இல் பசிபிக் கடலின் கோஹோ சால்மன் குஞ்சுகளை ஏரிக்குச் செல்லும் ஆறுகளில் விடச் செய்தார். 1967இல் அவை கொழுத்துத் திரும்பின. மக்கள் படகுகளோடு திரண்டனர். சால்மன் குளிர்நீர் விரும்பும் மீன். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடானதும் அது கீழே, ஏறத்தாழ 12 பாகை வெப்பமுள்ள நீரடுக்குக்கு இறங்கிவிடும். அந்த அடுக்கில் இரையை நிறுத்தவே ஆழமிறக்கி அங்கே இன்றியமையாததாயிற்று. அதே 1967 செப்டம்பரில் மிச்சிகன் ஏரியில் திடீரென எழுந்த புயலில் சிறுபடகுகள் கவிழ்ந்து ஏழு பேர் மாண்டனர் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். மீன் மிகுந்த நாளில் மனிதன் வானத்தைப் பார்க்க மறக்கிறான்.

எனினும், 'எடையைக் கொண்டு இறக்கு. பின் எடையைக் கழற்று' என்னும் எண்ணம் பேரேரிகளில் பிறந்ததன்று. பசிபிக் தீவுகளில் பழைய முறை ஒன்று உண்டு. இரை பொருத்திய முள்ளை ஒரு கல்லோடு சேர்த்து, இலையால் பொதிந்து, கயிற்றைச் சுற்றி, உருவு முடிச்சுப் போட்டு ஆழத்தில் இறக்குவார்கள். வேண்டிய ஆழம் வந்ததும் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் முடிச்சு அவிழும். கல் கடலுக்குள் போய்விடும். இரை அந்த ஆழத்திலேயே மிதந்து நிற்கும். அங்கே ஒவ்வொரு முறையும் ஒரு கல் செலவு. ஆழமிறக்கியோ அந்தக் கல்லைத் திரும்ப மேலே கொண்டுவருகிறது. புதுமை அதில் இவ்வளவுதான்.

ஆழத்தை அறிவதில் நம் கடலோடிகளும் பின்தங்கியவரல்லர். 'கட்டுமரம்' என்னும் நம் சொல்லே உலக மொழிகளுக்குள் சென்று 'கட்டமரான்' ஆயிற்று. அந்த மரத்தின்மேல் அமர்ந்து சென்றோர் ஆழத்தைப் பாகத்தாலும் மாராலும் அளந்தனர். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் அது, ஏறத்தாழ 1.8 மீட்டர். கயிறு இறங்க இறங்க, அளவுகோல் அவர்தம் உடம்பிலேயே இருந்தது. பாறை இருக்கும் இடத்தை அறிய, மலைமுகடு ஒன்றையும் கரையிலுள்ள கோபுரம் ஒன்றையும் நேர்கோட்டில் வைத்து, இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்களையும் அவ்வாறே வைத்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் நின்றனர். இதனைக் 'கணிச்சம்' என்பர். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த சொத்து அது. இன்று செயற்கைக்கோள் வழிகாட்டியும் எதிரொலியால் ஆழம் காட்டும் கருவியும் படகுகளில் வந்துவிட்டன. இருப்பினும், கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் சொல்வது கணிச்சம் அறிந்த மூளைதான்.

இக்கரையில் 1980களில் கட்டுமரங்களுக்கும் சிறுபடகுகளுக்கும் வெளிப்பொருத்து எந்திரங்கள் பரவின. அவற்றோடு ஓடுதூண்டிலின் வாய்ப்பும் விரிந்தது. நெய்மீன், பாரை, சூரை ஆகியவை ஓடும் இரையைத் துரத்திக் கடிக்கும் இயல்பின. தமிழகத்தில் வஞ்சிரம் என்றும் சீலா என்றும் பெயர் பெறும் நெய்மீன் நல்ல விலைக்குப் போவது. வலையில் நெரிந்த மீனைவிடத் தூண்டிலில் ஏறிய மீன் உடல் குலையாமல் வருவதால் சந்தையில் மதிப்பு மிகுதி. ஆனால், எந்திரம் ஓடினால் எரிபொருள் எரிகிறது. பல மணி நேரம் மேல்நீரிலேயே இரையை இழுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது சிறுபடகுக்காரரால் தாங்கக்கூடிய இழப்பன்று. மீன் நிற்கும் ஆழத்தில் இரையை வைத்தால் அதே எரிபொருளுக்கு வாய்ப்புக் கூடும். இதுவே இக்கருவி நமக்குத் தரக்கூடிய பயன்.

விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருவிதான் வேண்டும் என்பதில்லை. கையால் சுற்றும் உருளை ஒன்று, துருவேறாத மெல்லிய கம்பி, கப்பி, ஐந்து கிலோ குண்டு ஆகியவற்றைக் கொண்டு பட்டறையிலேயே அமைத்துக்கொள்ளலாம். கவ்விக்குப் பதிலாக, இரப்பர் வளையம் ஒன்றைத் தூண்டிற்கயிற்றில் முடிந்து கம்பியில் மாட்டுவோரும் உண்டு. மீன் இழுத்ததும் வளையம் அறுந்துபோகும். ஈயம் நச்சுத்தன்மை உடையது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் அதை உருக்கலாகாது. வார்ப்பிரும்புக் குண்டையும் பயன்படுத்தலாம். ஆனால் ஈயத்தைவிட இரும்பு இலேசானதாகையால், அதே எடைக்குக் குண்டு பெரிதாகும், நீரின் தடையும் சற்றுக் கூடும்.

எச்சரிக்கைகள் சிலவற்றை நாம் அழுத்திச் சொல்லவேண்டும். முதலாவது, தடையை ஒருபோதும் முழுவதும் இறுக்கலாகாது. குண்டு பாறையில் சிக்கினால் கம்பி நழுவி ஓட இடம் வேண்டும். இல்லையேல் ஓடும் சிறுபடகின் பின்பக்கம் நீருக்குள் இழுக்கப்படும். இரண்டாவது, கம்பியை வெட்டும் குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூன்றாவது, கம்பி எந்திரத்தின் சுழலியை நெருங்காதபடி அந்தக் கை போதிய அளவு வெளியே நீண்டிருக்கவேண்டும். படகைப் பின்னோக்கி ஓட்டலாகாது. நான்காவது, அலை மிகுந்த நாளில் ஐந்து கிலோ குண்டு நீருக்கு மேலே ஊசலாடினால் அது சம்மட்டிக்கு நிகர். ஒட்டுப்பலகையையோ கண்ணாடியிழையையோ உடைத்துவிடும். ஐந்தாவது, வானிலை அறிவிப்பு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிமுனைக்கு அருகே விரைந்து வலுத்தபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் ஆழ்கடல் மீனவர் பலர் திரும்பவில்லை. தூண்டிலை எவ்வளவு ஆழத்தில் இறக்கினாலும், காதை வானொலியின் பக்கம் வைத்திருப்பது கடமை.

ஆழத்து மீனுக்கும் ஓர் இரக்கம் காட்டவேண்டும். பத்து மீட்டர் இறங்குந்தோறும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டரில் உள்ள அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. கலவா போன்ற மீனின் வயிற்றில் காற்றுப்பை இருக்கிறது. அதனை வேகமாக மேலே இழுத்தால் அந்தக் காற்று நான்கு மடங்காக விரிய முயலும். வயிறு உப்பும், கண் பிதுங்கும். குட்டி மீனைப் 'போய்வா' என்று நீரில் விட்டாலும் அது கீழே செல்லமாட்டாமல் மிதந்தே சாகும். இங்கே ஆழமிறக்கியின் குண்டே மருந்தாகிறது. மீனின் வாயை இலேசான கவ்வியில் பிடித்துக் குண்டோடு இறக்கி, பழைய ஆழத்தில் விடுவித்தால், காற்று மீண்டும் சுருங்கி அது பிழைக்க வழியுண்டு. நெய்மீனுக்குக் காற்றுப்பையே இல்லை. அதற்கு இத்தொல்லையும் இல்லை.

பாறைகள் இல்லையேல் பாறைமீனும் இல்லை. இழுவை மடி உரசிச் செல்லும் இடங்களில் கடலடி தட்டையாகிவிடுகிறது. ஆகையால் தூண்டிற்காரர் தம் பாறைகளைக் காக்க விரும்புவது இயல்பே. முன்னாளில் கல்லும் மரக்கிளையும் ஓலையும் கடலில் இட்டு, மீன் ஒதுங்க இடம் செய்தவர்களும் இவர்களே. அண்மையில் பொழியூர் முதல் வர்க்கலை வரையுள்ள கடற்பரப்பில் 42 இடங்களில் 6,300 சிமெண்டுக் கூடுகளை இறக்கும் அரசுத் திட்டமும் வந்திருக்கிறது. கூடுகளின் மேலே ஓடுதூண்டில் இழுப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கூட்டின் உச்சிக்குச் சில மீட்டர் மேலேயே குண்டு செல்லட்டும். சிக்கிய கம்பியும் அறுந்த தங்கூசியும் அங்கே தங்கினால், மீனுக்கு அமைத்த வீடு மீனுக்கே பொறியாகிவிடும்.

இறுதியாக, சட்டத்தைப் பற்றி ஒரு சொல். கரையிலிருந்து 12 கடல்மைல் வரை மாநிலத்தின் மீன்பிடிச் சட்டம் செல்லும். கேரளத்தில் அது 1980ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கப்பால் மத்திய அரசின் ஆணை. கேரளம் தன் கடற்பரப்பில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவை மடியைத் தடுக்கிறது. 12 கடல்மைலுக்கு வெளியே மேற்குக் கரை முழுவதற்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. அங்கே விலக்குப் பெறுவது எந்திரமில்லாப் பாரம்பரியக் கலம். ஆகவே எந்திரப் படகில் தூண்டில் போடுபவர், 'நம்மிடம் மடி இல்லையே' என்று எண்ணி எல்லையைத் தாண்டுவதற்கு முன், அவ்வாண்டின் ஆணையைக் கேட்டறிவது நலம். ஆணையை எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு: மடியை மடி என்றும் தூண்டிலைத் தூண்டில் என்றும் எழுதுங்கள். கரையில் நின்று அந்தத் தாளைப் படிப்பவருக்கு, அந்த ஒரு சொல்லே ஒரு நாளின் கூலி.